என்னத்துக்குச் சாட்சி?

சாலை என்றால் சென்னைக்காரருக்கு ரோடு. அண்ணா சாலை, காமராசர் சாலை. திருவனந்தபுரத்தில் சாலை என்பது ஒரு ஊர். கிழக்கே கோட்டையில் தொடங்கி கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெரு. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது என்பார்கள். அரிசி, மிளகு, பாத்திரம், பூ, வாழைக்குலை, தங்கம் என்று எல்லாம் கிடைக்கிற இடம். பேரம் பாதி தமிழில் நடக்கும், பாதி மலையாளத்தில். இந்தத் தெருவில் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே தமிழில் கதை எழுதிய ஆ. மாதவனை வாசகர்கள் அறிவார்கள். அவருடைய 'கடைத்தெருக் கதைகள்' இந்தத் தெருவின் கதைகள்தான். 2021இல் அவர் காலமானபோது இங்கே பல கடைக்காரர்களுக்குத் தங்கள் பக்கத்துக் கடை அண்ணாச்சி போய்விட்ட துக்கம்.

பழைய தமிழில் சாலை என்பதற்குக் கூடம், அறநிலையம், படிக்கிற இடம் என்றெல்லாம் பொருள் உண்டு. பக்கத்திலேயே வலியசாலை, ஆரியசாலை. கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை என்பது வலியசாலைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ராஜராஜ சோழன் அங்கே 'கலமறுத்தான்' என்பதற்குக் கப்பல்களை அழித்தான் என்று ஒரு கட்சி, சோற்றுக் கலத்தை நிறுத்தினான் என்று இன்னொரு கட்சி. ஒரு சொல்லுக்காக அறிஞர்கள் இத்தனை காலம் சண்டை போட்ட இடத்தில் பிறந்து, தமிழில் எம்.ஏ. படித்து, மலையாளத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் செய்திகளைத் தமிழாக்கிப் பிழைக்கிறவன் நான். சொற்களோடு மல்லுக்கட்டுவது என் அன்றாட வேலை. பெரும்பாலான சொற்கள் மாலைக்குள் வழிக்கு வந்துவிடும். ஒரு சொல் மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாகியும் வழிக்கு வரவில்லை. ரத்தசாட்சி.

கேரளத்துக்கு வந்து போகிறவர்கள் இந்தச் சொல்லைப் பார்க்காமல் போக முடியாது. முச்சந்தியில் சின்னதாக ஒரு தூண், அதில் பெயர், ஒரு தேதி, மேலே 'ரக்தசாக்ஷி' என்ற சொல். கட்சிக்குக் கட்சி நிறம் மாறும், சொல் மாறாது. தூக்கிலிடப்பட்ட கய்யூர் தோழர்கள் நால்வர் (1943), புன்னப்ர-வயலாரில் சுடப்பட்டவர்கள் (1946) எல்லோரும் ரத்தசாட்சிகள். காந்தியும் ரத்தசாட்சி. ஜனவரி 30 இங்கே ரத்தசாட்சி தினம். போன வாரம் கல்லூரி வாசலில் குத்துப்பட்டுச் செத்த பையனும் ரத்தசாட்சி.

தமிழ்ப் பத்திரிகையில் இதை எப்படி எழுதுவது? மேஜைக்கு வரும் புதுப் பையன்களுக்கு இது கேள்வியாகவே தோன்றாது. 'தியாகி' என்று போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். ஜனவரி 30 தமிழ்நாட்டில் தியாகிகள் தினம்தானே? எல்லையில் இறந்த ராணுவ வீரர் என்றால் 'வீரமரணம்'. மொழிப் போராட்டத்தில் இறந்தவர் என்றால் 'மொழிப்போர் தியாகி'. ஈழத்தில் புலிகள் தங்கள் தரப்பில் மடிந்தவர்களுக்கு 'மாவீரர்' என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு சொல் தமிழில் உண்டு. ஆனால் இவை எதிலும் 'சாட்சி' கிடையாது. மலையாளத்துச் சொல்லில் ரத்தம் இருப்பது புரிகிறது. சாட்சி எங்கிருந்து வந்தது?

வந்தது சர்ச்சிலிருந்து. வேறெந்த வழியிலும் இந்தச் சொல்லுக்குக் கணக்குச் சொல்ல முடியாது.

கிரேக்கத்தில் 'மார்த்துஸ்' என்றால் சாட்சி. கோர்ட்டுச் சொல். கூண்டில் ஏறி, நான் பார்த்தேன் என்று சொல்கிறவன். புதிய ஏற்பாட்டில் இயேசுவின் சீடர்கள் தங்களை இப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்: நடந்ததை நாங்கள் கண்டோம், அதற்கு நாங்கள் சாட்சி. கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானைப் பவுல் நினைவுகூரும் இடத்திலும் இதே சொல் வருகிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த வாக்கியத்தைப் பார்த்தால் ஸ்தேவான் வெறும் 'சாட்சி'தான். ஆனால் அதே வாக்கியத்தில் அவருடைய இரத்தமும் வருகிறது. இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒட்டிக்கொள்ளவில்லை.

ஒட்டிக்கொண்டது அடுத்த நூற்றாண்டில். ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்களை அதிகாரிகள் முன்னால் நிறுத்தி, நம்பிக்கையை மறுதலி என்றார்கள். மறுக்காதவன் செத்தான். சாட்சி சொல்வதும் சாவதும் ஒரே காரியமாகிப் போனது. ஸ்மிர்னா நகரத்து ஆயர் பொலிக்கார்ப்பு எரிக்கப்பட்ட கதையை எழுதும்போது 'மார்த்துஸ்' என்றால் உயிரைக் கொடுத்தவர் என்ற அர்த்தம் நிலைபெற்றுவிட்டது. லத்தீன்காரர்கள் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமலே 'மார்ட்டிர்' என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் ஐரோப்பிய மொழிகளில் சாட்சி என்ற பழைய பொருள் உள்ளே புதைந்துபோனது. ஆங்கிலத்தில் 'மார்ட்டிர்' என்று சொல்கிறவன் மனதில் எந்தக் கோர்ட்டும் வருவதில்லை.

கிழக்கே வந்த சொல்லுக்கு அந்தக் கதி நேரவில்லை. சிரியாக் மொழியில் சாட்சிக்கும் மார்ட்டிருக்கும் ஒரே சொல், 'சஹதா'. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் புனித ஜார்ஜை இன்றும் 'கீவர்கீஸ் சஹதா' என்கிறார்கள். அரபியிலும் அதே வேர். 'ஷஹீத்' என்றால் சாட்சி. மார்க்கத்துக்காக இறந்தவன் என்றும் பொருள். இறைவன் ஒருவனே என்று மொழிகிற கலிமாவுக்கே 'ஷஹாதா', சாட்சியம், என்றுதான் பெயர். அங்கிருந்து பாரசீகம், உருது, பஞ்சாபி வழியாக அது பகத் சிங்கின் பெயருக்கு முன்னால் வந்து நின்றது. நாத்திகரான பகத் சிங் மதத்தின் சொல்லை அணிந்துகொண்டு நிற்பதில் யாருக்கும் உறுத்தல் இல்லை.

எங்கள் ஊரில் பாளையம் என்று ஓர் இடம். சாலையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். பழைய பட்டாளம் தங்கிய இடம், பெயரும் அதுதான் சொல்கிறது. அங்கே ஜும்மா மசூதியும் பிள்ளையார் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எதிரே புனித யோசேப்பு கதீட்ரல். கொஞ்சம் தள்ளி லண்டன் மிஷன் காலத்து மடீர் நினைவுச் சபை. இத்தனைக்கும் நடுவே ரத்தசாட்சி மண்டபம், சுதந்திரப் போரில் இறந்தவர்களுக்காக எழுப்பியது. அங்கே நடக்கிறபோதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். மசூதியில் 'ஷஹீத்', கதீட்ரலில் 'மறைசாட்சி', மிஷன் சபையில் 'இரத்தசாட்சி', தூணில் 'ரக்தசாக்ஷி'. பத்து நிமிஷ நடையில் நான்கு சொல். நான்கும் சொல்வது ஒன்றே: பார்த்தவன்.

தமிழுக்கு இந்தக் கருத்து வந்த கதையில் சிரிப்பும் உண்டு. 1544இல் முத்துக்குளித்துறையில் இருந்த பிரான்சிஸ் சேவியர் தம் உதவியாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும்போது 'வேணும்' என்று சொல்லவேண்டாம், 'விசுவாசம்' என்று திருத்திக்கொள்ளுங்கள் என்று அதில் குறிப்பு. அதுவரை பரதவர்கள் 'நம்புகிறேன்' என்பதற்குப் பதிலாக 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்! அடுத்த நூற்றாண்டில் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலிக்கு வேறொரு தலைவலி. போர்த்துகீசியர்கள் 'மிஸ்ஸா' என்று அழைத்த வழிபாட்டைத் தமிழர் வாயில் கேட்டால் 'மீசை' மாதிரி இருந்தது. கிறிஸ்தவனாவதைப் 'பரங்கி குலத்தில்' சேர்வது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நொபிலி இதையெல்லாம் மாற்றினார். கோயில், குரு, அருள், பூசை, வேதம் என்ற சொற்களைச் சைவ, வைணவப் பேச்சிலிருந்து எடுத்து சர்ச்சுக்குள் வைத்தார்.

அதில் ஆழமாக வேர்விட்டது 'வேதம்'. தென்மாவட்டங்களில் 'அவங்க வேதக்காரங்க' என்றால் கிறிஸ்தவர்கள். 'வேதக்கோயில்' என்றால் சர்ச். நான்கு வேதமும் ஓதத் தெரிந்த பிராமணர் இருக்கிற அதே தெருவில், ஓர் எழுத்தும் படிக்காத மீனவர் 'வேதக்காரர்'. மொழி இப்படிப்பட்ட விளையாட்டுகளை ஓசைப்படாமல் ஆடிவிடுகிறது. வேதத்துக்காக உயிர்விட்டவர் 'வேதசாட்சி' ஆனார். பழைய அர்ச்சிஷ்டர் சரித்திரங்களில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் வேதசாட்சி, ஸ்துதியர், வேதபாரகர், கன்னிகை என்று ஒரு பட்டம் இருக்கும். கவர்னர் பட்டியல் மாதிரி. முதல் மரியாதை வேதசாட்சிக்கு.

ராமநாதபுரம் சீமையில் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட ஜான் தெ பிரிட்டோ, நம் அருளானந்தர், வேதசாட்சி. 1544இல் யாழ்ப்பாண அரசனின் படை மன்னாரில் கொன்றவர்கள், மன்னார் வேதசாட்சிகள். எங்கள் பக்கத்தில் வேதசாட்சி என்றால் ஒரே ஒருவர்தான்: தேவசகாயம் பிள்ளை.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்டவர்மாவின் அரண்மனை ஊழியர். 1741இல் குளச்சலில் தோற்றுச் சரணடைந்து, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாயோடு அவருக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் கிறிஸ்தவத்தின் பக்கம் போனார். 1745இல் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே வடக்கன்குளம் போய் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்று பெயர் வைத்தார்கள். அந்த எபிரேயப் பெயருக்குக் கடவுள் உதவினார் என்று பொருள். அதைத் தமிழாக்கினால் தேவசகாயம். என் தொழில்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அவர் பெயரே ஒரு மொழிபெயர்ப்பு. 1749இல் கைதானார். எருக்கம்பூ மாலை போட்டு எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று மக்கள் கதை சொல்கிறது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது. அம்மானையாகவும் நாடகமாகவும் இந்தக் கதை தலைமுறை தலைமுறையாக ஓடியது.

அவர் எதற்காகச் செத்தார் என்பதில் சண்டை ஓய்ந்தபாடில்லை. மதம் மாறியதற்காகக் கொல்லவில்லை, அரசுக்கு எதிரான குற்றத்துக்காகத் தண்டித்தார்கள் என்று ஒரு தரப்பு விடாமல் எழுதுகிறது. திருவிதாங்கூரில் அப்போதே கிறிஸ்தவர்கள் நிம்மதியாக இருந்தார்களே என்பது அவர்கள் வாதம். உயர்ந்த சாதிக்காரர், அரண்மனைக்காரர் மாறியதைத்தான் பொறுக்கவில்லை, மற்றதெல்லாம் ஜோடித்த வழக்கு என்பது மறுதரப்பின் பதில். இதற்குள் நான் தலையிடப்போவதில்லை. ஆனால் சண்டை எதைப் பற்றியது என்று பாருங்கள். ஒருவர் செத்தார் என்பதில் இரண்டு தரப்புக்கும் சந்தேகம் இல்லை. அவர் எதற்குச் சாட்சி என்பதில்தான் வழக்கு.

2012 டிசம்பரில் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் தந்தார்கள். 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். இதற்குள் அவர் பெயரில் இரண்டு மாற்றம். சாதிப் பெயர் வேண்டாம் என்று 'பிள்ளை'யை வத்திக்கான் எடுத்துவிட்டது. 'வேதசாட்சி'யைத் தமிழ்ச் சபை முன்பே எடுத்துவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு (1962-65) கத்தோலிக்கத் தமிழ் புதுச் சட்டை போட்டுக்கொண்டது. சர்வேசுரன் இறைவனானார், ஞானஸ்நானம் திருமுழுக்கானது, பூசை திருப்பலியானது, சுவிசேஷம் நற்செய்தியானது, அர்ச்சிஷ்டர் புனிதரானார். அந்த வரிசையில் வேதசாட்சி 'மறைசாட்சி' ஆனார். தனித்தமிழ்ப் பற்று, பாதிரிமார் பயிற்சி எல்லாம் சேர்ந்த மாற்றம். தமிழ் எம்.ஏ. என்ற முறையில் எனக்கு இதில் சந்தோஷம் இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் 'மறை' என்பதற்கு ஒளித்துவை என்றும் பொருள் உண்டு. மறைசாட்சி என்பதை ஒளித்துவைத்த சாட்சி என்று படிக்க ஒரு குறும்புக்காரனுக்கு அதிக நேரம் ஆகாது. இன்னொன்று, புதுச்சொல்லிலும் தனித்தமிழாக்க முடியாமல் நின்றுவிட்டது 'சாட்சி'.

அதற்கு நல்ல தமிழ் இல்லாமலா? குறளில் 'கரி' என்ற சொல் சாட்சி என்ற பொருளில் வருகிறது. சான்று இருக்கிறது. ஆனால் இன்று மறைக்கரி என்று போட்டால் அடுப்பு ஞாபகம்தான் வரும். சாட்சி நம்மிடம் அப்படி ஊறிப்போன சொல். கல்யாணம் அக்னி சாட்சி. நெஞ்சுக்குள் இருப்பது மனசாட்சி. கும்பகோணம் பக்கம் திருப்புறம்பயத்தில் சிவனுக்கே பெயர் சாட்சிநாதர். வன்னி மரமும் கிணறும் லிங்கமும் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குச் சாட்சி சொன்ன கதை அந்த ஊருக்கு. வடமொழியில் 'சாக்ஷி' என்றால் கண்ணோடு கூடியவன். வேதாந்தத்தில் சாட்சி எதிலும் ஒட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான். நடப்பது எதுவும் அவனைத் தொடாது. சர்ச்சின் சாட்சி அதற்கு நேரெதிர். பார்த்ததைச் சொன்னதால் தொலைந்தவன். ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு பேரும் குடியிருக்கிறார்கள்.

புரொட்டஸ்டன்ட்காரர்கள் வேதத்தைச் சேர்க்காமல் ரத்தத்தைச் சேர்த்தார்கள்: இரத்தசாட்சி. மலையாளத்திலும் அந்த வடிவமே அரசியல் மேடைக்கு ஏறியது. அது ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. வேதசாட்சியில் வேதம் இருக்கிறது, கட்சிக்கு ஆகாது. ரத்தம் எல்லாக் கட்சிக்கும் பொது.

தமிழ் அரசியலில் அந்த இடத்தை தியாகி பிடித்துக்கொண்டார். தியாகம் என்றால் விடுதல், கொடுத்தல். கொடுக்கிறவன் விரும்பிக் கொடுக்க வேண்டும். 1964 ஜனவரி 25 அன்று தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னச்சாமிக்கு அந்தச் சொல் அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது. ஆனால் கீழவெண்மணி? 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அவர்களையும் வெண்மணித் தியாகிகள் என்கிறோம். அந்தக் குழந்தைகள் எதையும் விரும்பிக் கொடுக்கவில்லை. வழக்கில் நிலக்கிழார் தரப்பு உயர் நீதிமன்றத்தில் விடுதலையாகிவிட்டது. 'ரத்தசாட்சி' என்ற சொல் தமிழ் இடதுசாரிகளிடம் இருந்திருந்தால் வெண்மணிக்கு அது இன்னும் பொருந்தியிருக்கும் என்று எனக்குப் படும்.

எங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம். 1954 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்கள்மீது புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டது. செத்தவர்கள் குமரி மாவட்டத்தில் தியாகிகள். எல்லைக்கு இந்தப் பக்கம் அவர்களை யாரும் ரத்தசாட்சி என்று சொல்லி நான் கேட்டதில்லை. 1956 நவம்பர் 1 அன்று போட்ட கோடு சொற்களின் மேலும் விழுந்திருக்கிறது.

மத்திய அரசுக்கு இந்தச் சங்கடமே இல்லை. ராணுவத்திலோ போலீசிலோ 'மார்ட்டிர்', 'ஷஹீத்' என்று ஒரு சொல் அதிகாரபூர்வமாகக் கிடையாது என்று 2017இல் மத்தியத் தகவல் ஆணையத்திடம் பாதுகாப்பு, உள்துறை அமைச்சகங்கள் சொல்லிவிட்டன. போர்ச் சேதம் என்கிற மாதிரி ஒரு வறண்ட சொல்தான் கோப்பில். அரசாங்கம் இறந்தவனை எண்ணிக்கையில் வைக்கிறது. சொல் தேடுவது வீட்டார் பாடு.

அப்படி ஒரு வீட்டார் எங்கள் தெருவிலும் உண்டு. நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம். குமரி மாவட்டத்து வழக்கில் மாமி என்றால் அத்தை முறை. நட்டாலத்துக்குப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். வேதக்காரர். சாலைச் சந்தியில் மரச்சீனிக் கிழங்கு விற்பார். வீட்டுக்காரர் சுமட்டுத் தொழிலாளி. அவர் போன பிறகு மகன் சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவன். நான் எம்.ஏ. படித்த காலத்தில் ஓர் இரவு இரண்டு கட்சிக்காரர்களுக்குள் தகராறு வந்து அவனைக் குத்திவிட்டார்கள். கடைகள் பாதி திறந்திருந்த நேரம். பார்த்தவர்கள் இருபது பேருக்குக் குறையாது.

வழக்கு சில வருஷம் நடந்தது. சாட்சிகள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, போலீசிடம் சொன்னது தாங்கள் சொன்னதல்ல என்றார்கள். ஒருவருக்கு அன்று காய்ச்சல். ஒருவர் ஊரிலேயே இல்லை. ஒருவருக்கு இருட்டில் முகம் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு மலையாளத்தில் கூறுமாறியவர்கள் என்று பெயர், தமிழில் பிறழ்சாட்சிகள். குற்றவாளிகளாக நின்றவர்கள் விடுதலையாகிப் போனார்கள். மாமி மறுநாள் காலை வழக்கம்போல் கிழங்கைப் பரப்பினார். கூறுமாறினவர்களில் இரண்டு பேர் அவரிடம் கிழங்கு வாங்குகிறவர்கள்.

முச்சந்தியில் தூண் நின்றது. வருஷா வருஷம் பூ, கொடி, பேச்சு. பத்தாவது வருஷத்தைப் பெரிதாகச் செய்ய முடிவெடுத்தார்கள். சுமட்டுத் தொழிலாளிகளில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதால் தமிழிலும் நோட்டீஸ் வேண்டும் என்று யூனியன்காரர் என்னிடம் வந்தார்.

"தம்பி, தமிழ்ல தியாகின்னுதானே போடுவாவ? அப்பிடியே போட்டிரும். பெரிய எழுத்துல வரணும்" என்றார்.

எழுதினேன். கொடுப்பதற்கு முன்னால் மாமியிடம் படித்துக் காட்டுவது முறை என்று பட்டது. அவருக்கு எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கத் தெரியும். மலையாளம் பேச வரும், படிக்க வராது. அதனால் தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று பத்து வருஷமாக அவர் தானாகப் படித்ததில்லை. நோட்டீஸைக் கையில் வாங்கி விரலை வைத்து மெல்லப் படித்தார். தியாகி என்ற இடத்தில் விரல் நின்றது.

"மக்களே, தியாகின்னு போடாதே. அவன் எங்க குடுத்தான்? புடுங்கினதுல்லா."

சரி மாமி, தூணில் உள்ளதையே போடுகிறேன் என்றேன். அதில் என்ன போட்டிருக்கு என்று கேட்டார். ரத்தசாட்சி. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வேதசாட்சின்னா வேதத்துக்குச் சாட்சி. தேவசகாயம் பிள்ளை நாடகத்துல சின்னதுலயே பாத்திருக்கேன். இவன் என்னத்துக்கு மக்களே சாட்சி?"

நான் படித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கிரேக்கம், கோர்ட்டு, பார்த்தவன் பார்த்ததைச் சொல்வது, சொன்னதற்காகச் சாவது. மாமி பொறுமையாகக் கேட்டார். கிரேக்கத்தில் அவருக்கு அக்கறை இல்லை. கோர்ட்டு என்ற இடத்தில் மட்டும் தலையை நிமிர்த்தினார்.

"பாத்தவனுவ அத்தன பேரும் பாக்கல்லன்னுட்டானுவ. செத்தவனத்தான் சாட்சிங்கிய. அவன எந்தக் கோர்ட்டுல கூப்பிடுவாவ?"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. நோட்டீஸில் 'இரத்தசாட்சி' என்றே போட்டேன். யூனியன்காரருக்கு முதலில் திருப்தி இல்லை. இது கிறிஸ்தவங்க சொல்லாச்சே, மற்றவனுக்குப் புரியுமா என்றார். சாலையில் எந்தத் தமிழனுக்கும் புரியும், தினமும் தூணைக் கடந்துதானே போகிறான் என்றேன். ஒத்துக்கொண்டார். மாமி நோட்டீஸ் ஒன்றை வாங்கி, வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

பிறகு வருஷங்கள் போயின. தேவசகாயம் புனிதரான 2022 மே மாதத்தில் ரோமிலிருந்து வந்த செய்தியைத் தமிழாக்கும் வேலை என் மேஜைக்கு வந்தது. மறைசாட்சி என்றுதான் எழுத வேண்டும், எழுதினேன். சபைக்கு அந்தச் சொல்லில் உரிமை உண்டு. எழுதும்போதே ஒன்று உறைத்தது. இருநூற்றெழுபது வருஷம் சபை அந்த வழக்கைக் கைவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கேரளத்திலிருந்து ரோமுக்குப் பயணம் போன கரியாட்டில் ஜோசப்பும் பாறேம்மாக்கல் தோமா கத்தனாரும் தேவசகாயத்துக்காக மனுக் கொடுத்தார்கள். பிறகு ஆவணம் தேடி, மறுப்பைக் கேட்டு, விசாரணை நடத்தி முடிவு சொன்னார்கள். அந்த முடிவை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் சாட்சி என்று ஒருவருக்குப் பெயர் வைத்தால் அவர் சாட்சியத்தை எடுத்து விசாரிப்பது பெயர் வைத்தவன் கடமை என்பதை அவர்கள் மறக்கவில்லை.

சர்ச்சிடமிருந்து அந்தச் சொல்லைக் கடன் வாங்கிய நம் அரசியல், இந்தப் பாதியைக் கடன் வாங்க மறந்துவிட்டது. தூண் எழுப்புகிறோம், கொடி கட்டுகிறோம். அதே தெருவில் பிறழ்சாட்சிகள் கடை திறக்கிறார்கள், நாமும் அவர்களிடம் சாமான் வாங்குகிறோம். அவர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கூண்டில் ஏறிப் பார்த்தேன் என்று சொன்னவனை ராத்திரி வீடுவரை கொண்டுவிட யாரும் இல்லாத ஊரில், அந்த ஒரு வாக்கியத்துக்கு என்ன விலை என்று ரோமாபுரிக் கிறிஸ்தவனைப் போல அவர்களுக்கும் தெரியும்.

என்னால் முடிந்தது சின்னக் காரியம். ரத்தசாட்சி தினம், தியாகிகள் நாள், வீரவணக்கக் கூட்டம் என்று எந்தச் செய்தி என் கைக்கு வந்தாலும், அனுப்பிய நிருபரைப் போனில் பிடித்து ஒரு கேள்வி கேட்கிறேன்: வழக்கு என்ன ஆயிற்று? பதில் கிடைத்தால் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறேன். இடம் போதாவிட்டால் வேறெதையாவது வெட்டுவேன், அந்த வரியை வெட்டுவதில்லை. பெரும்பாலும் அந்த வரி 'அனைவரும் விடுவிக்கப்பட்டனர்' என்றுதான் வருகிறது.